வழியனுப்பப் போன வேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் வெளிநாடு போனால், வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் போய்வர வேண்டும். தங்கை கட்டாருக்கு ஹோட்டல் வேலைக்குப் புறப்பட்டபோதும் அப்படித்தான். நெருக்கியடித்து ஏறியதில் அவளுடைய பெட்டிக்கு இடமில்லாமல் போய்விட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். யாரை இறக்கிவிடுவது? எல்லாரும் அழுவதற்குத் தயாராக வந்தவர்கள்.

கொட்டகலை தாண்டியதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை, தூரம்தான்.

"கடல் தாண்டிப் போற புள்ளடா. எவ்வளவு தூரமோ!"

நான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். "ப்ளேன்ல அஞ்சு மணித்தியாலம்தாம்மா. நாம திரும்பி வீட்டுக்குப் போறதுக்குள்ள அவ எறங்கிருவா."

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விமான நிலையத்தில் தங்கை உள்ளே போய் மறைந்ததும் அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவ எறங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது." சொன்னால் சொன்னதுதான். சீனி வருத்தக்காரர் வேறு, பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

அவளுடைய விமானம் எது என்று தெரியாததால் அன்று காலை பறந்த விமானத்துக்கெல்லாம் கையாட்டினோம்.

பிறகு நேரே வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, "இவ்வளவு தூரம் வந்துட்டு கடலப் பாக்காமப் போறதா?" என்றார். வேன் நீர்கொழும்புக்குத் திரும்பியது. காலை மட்டும் நனைப்பதாகச் சொல்லி இறங்கிய மாமா, குளித்து முடித்துத் தலை காய்ந்த பிறகுதான் ஏறினார். வழியில் அன்னாசிப்பழம் கண்ட இடத்திலெல்லாம் நின்றோம். அவிசாவளையில் எல்லாரும் சோறு சாப்பிட்டார்கள். அம்மா வேனை விட்டு இறங்கவில்லை. நான் அவர் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். பசி என்ன செய்யும்?

கித்துல்கலையில் மாமாவுக்கு அன்னாசி வேலையைக் காட்டியது. வேனை நிறுத்தி வாந்தியெடுத்து முடித்தவர் கீழே ஆற்றைப் பார்த்தார். "ஒரு முழுக்குப் போட்டாத்தான் சரியாகும்," என்று துவாயைத் தோளில் போட்டார். அப்போதுதான் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"அம்மா, எறங்கிட்டேன்!"

அம்மா அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கமில்லை.

"வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள் தங்கை.

"எங்க போறது? இன்னும் பாதி வழியில, கித்துல்கலையில நிக்கிறோம்," என்றார் அம்மா.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அய்யோ, நான் கட்டாருக்கே வந்துட்டேன்! நீங்க காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல தானே? எனக்குத் தெரியும். மொதல்ல சாப்பிடுங்க. வீட்டுக்குப் போனதும் போன்ல ஒரு கோல் எடுங்க. அதுவரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்."

அம்மாவுக்குப் பிறந்தவள் வேறெப்படிப் பேசுவாள்!

அம்மா என்னைப் பார்த்தார். நான் அவிசாவளையில் வாங்கி வைத்திருந்த பனிஸ் ரொட்டி ஒன்றை நீட்டினேன். வாங்கிக் கடித்தவர், வாயில் அது இருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்துக் கத்தினார்:

"அண்ணே, வந்து வண்டியில ஏறுங்க! அங்க புள்ள பட்டினியா கெடக்கு!"