இரண்டு ஊரிலும் மெயில் ஊதியபோது

1930களின் தொடக்கத்தில், ஓர் ஆவணி வெள்ளிக்கிழமை விடியலில், விழுப்புரத்தில் என் மகள் பிறந்தாள். சென்னைக்குப் போகும் மெயில் வண்டி ஊதியது, குழந்தை அழுதது. நாட்குறிப்பில் அப்படியே எழுதினேன். மறுநாள் திண்டிவனத்திலிருந்து தங்கை வீட்டுக் கார்டு வந்தது: அதே விடியலில், மெயில் ஊதும்போது, ஆண் குழந்தை. ‘இரண்டும் ஒரே நேரத்தில்’ என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். எங்கள் வீடுகளில் ஜாதகம் எழுதும் வழக்கமில்லை. என் குறிப்பே குடும்பத்தின் பேச்சாயிற்று.

பதினெட்டு ஆண்டு கழித்து இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர்களாக விரும்பியதுதான். பெண் ஒரு நாழிகை மூத்தவளானாலும் ஆகாது என்பவர் தங்கையின் கணவர். தம் தம்பிக்கு வந்த நல்ல இடத்தை அதற்காகவே தட்டிக்கழித்தவர். ஒரே நேரம் என்பதால் இதற்கு இசைந்தார்.

அந்த வாரம் வாசகசாலையில் சார்பியல் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். தொலைவில் நடப்பதை ஒளியோ ஒலியோ வந்து சேர்ந்த பிறகே அறிகிறோம். ‘இப்போது’ என்பதை இரண்டு இடங்களுக்குப் பொதுவாகச் சொல்லுமுன், சேதி வரப் பிடித்த நேரத்தைக் கழிக்க வேண்டும் என்றிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். மெயில் ஒன்றுதான். விழுப்புரத்தில் ஊதி முக்கால் மணி கழித்தே அது திண்டிவனத்தில் ஊதும். என் மகள் மூத்தவள். நிமிஷம் தவறாமல் எழுதுகிற நான் இதைக் கவனிக்கவே இல்லை.

நிற்பவனுக்கும் ஓடுபவனுக்கும் முன்பின் மாறலாம் என்றும் அக்கட்டுரை சொன்னது. ஆசையோடு கணக்குப் போட்டேன். இரண்டு ஊருக்கும் இடையே உள்ள இருபத்துமூன்று மைலை ஒளி கடக்க, விநாடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதைவிடக் குறைந்த இடைவெளியில் நடந்தவற்றுக்குத்தான் முன்பின் மாறும் அந்தச் சலுகை; இங்கே இடைவெளி முக்கால் மணி. எவ்வளவு வேகமாக ஓடிப் பார்த்தாலும் அவளே முந்தி.

திண்டிவனம் போய்த் தங்கையிடம் கட்டுரையையும் கணக்கையும் சொன்னேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்குத் தெரியுமாண்ணா?”

“தெரியாது.”

“அப்ப அவருக்கு இன்னும் நடக்கலன்னு வெச்சிக்க. தாலி ஏறட்டும், சாவகாசமா வந்து சொல்லு.”

“பொய்யில்லையா அது?”

“லேட்டா வர்ற வண்டி பொய் வண்டியா?”

பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. மறுவீட்டு விருந்தில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

“அப்ப இனிமே அக்கான்னே கூப்புடறேன்” என்றான் மருமகன்.

“கூப்ட்டுத்தான் பாரேன்” என்றாள் மகள்.

தங்கையின் கணவர் சிரிக்கவில்லை. “எப்பலேர்ந்து தெரியும், மச்சான்?” என்றார். தெரிந்துகொண்ட நாளைச் சொன்னேன். இலையை மூடிவிட்டு எழுந்தார்.

என் மகளிடம் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னிடம் பேச அடுத்த தீபாவளி ஆயிற்று.