நட்டின் மேல் மஞ்சள் கோடு

இனிமேல் பைக்கில் வரக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது, என்னைவிட வேகமாகத் தலையாட்டியவர் என் வீட்டுக்காரர். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஏழு மாத வயிற்றோடு குலுங்கிக்கொண்டு போக எனக்கும் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. குழந்தையின் எடை கூடவில்லையாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும், அப்போதும் கூடாவிட்டால் உடனே அட்மிட் செய்து குழந்தையை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எங்களுக்கு முதல் தடவை தங்கவில்லை. அதனால் அந்த இரண்டு வாரமும் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதாக ஞாபகம் இல்லை.

ஆட்டோவில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோவில் ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். வாடகைக் காரைக் கூப்பிட்டால், எங்கள் ஊர் வல்லம் வடகால் என்றதுமே கேன்சல் செய்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது வாசலில் நின்ற பழைய சின்ன கார் ஒன்றுதான். அண்ணன் புது வண்டி வாங்கியதும் இதைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். வெள்ளை நிறம், எண்ணூறு சிசி, கார்புரேட்டர் வண்டி. ஒரு காலத்தில் டாக்டர் வீட்டு வாசலிலும் வாத்தியார் வீட்டு வாசலிலும் கம்பீரமாக நின்ற வகை. எங்களிடம் வந்த பிறகு அதன் மேல் துணிதான் காய்ந்தது.

"மெக்கானிக்லாம் வேணாம். நானே ரெடி பண்றேன்" என்றார் அவர். "கார் கம்பெனில வேல செய்றவன் வூட்டுக்கு வெளியாளு வந்து கார் ரிப்பேர் பண்ணுவானா?"

கார் கம்பெனியில் அவர் செய்யும் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். லைனில் வண்டி வரும். மிஷின் சக்கரத்தின் நட்டுகளை ஒரே அமுக்கில் முடுக்கிவிடும். அதன் பிறகு இவர், முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக, பெயின்ட் பேனாவை எடுத்து ஒவ்வொரு நட்டின் மேலும் சக்கரம் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். அவ்வளவுதான். ஷிஃப்ட் முழுக்கக் கோடு போடும் மனிதர் இவர். இதில் இன்னொரு கூத்து, இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் குறை சொல்லக் கூடாது, உழைத்தார். செல்போனில் வீடியோ ஓட விட்டுக்கொண்டே ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, நான் பாயசம் வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டார். அன்று வீட்டில் நடந்த சண்டையைப் பக்கத்து வாடகை அறைகளில் தங்கியிருந்த ஒடிசாப் பையன்களும் மொழி தெரியாமலே ரசித்தார்கள். புது பேட்டரி போட்டதும் வண்டி இருமி, புகை கக்கி, கடைசியில் ஓடத் தொடங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. புகைதான் காரணம் என்று சொல்லிவிட்டேன்.

பிரேக் பேட் மாற்றுவதுதான் கடைசி வேலை. வலது பக்கத்தை முதல் நாளே முடித்துவிட்டார். இடது பக்க வேலையை ஸ்கேனுக்குப் போகும் நாள் காலையில்தான் ஆரம்பித்தார். அன்று அவருக்கு செகண்ட் ஷிஃப்ட், மதியம்தான் பஸ். லீவு போடவா என்று கேட்டார். இப்போதே லீவைக் கரைத்தால் பிரசவத்துக்கு என்ன செய்வது என்று நான்தான் போகச் சொன்னேன். அவர் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் முடிஞ்சுது, மெதுவா போ" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மதியத்துக்கு மேல் கிளம்பினேன். மெயின் ரோடு ஏறியதும் முன்பக்கம் இடது புறத்திலிருந்து டக்கு டக்கு என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் லேசாக உதறியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். வயிறு இடிப்பதால் குனிய முடியவில்லை, நின்றபடியேதான் பார்த்தேன். நான்கு நட்டிலும் மஞ்சளாகத் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. நானும் ஐந்தாம் மாதம் வரை கார் சீட் பூட்டும் கம்பெனியில் நின்றவள்தான். எங்களுக்கெல்லாம் மஞ்சள் இருந்தால் வேலை முடிந்தது, அடுத்த பீஸைப் பார். புது பிரேக் பேட் அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

கொஞ்ச தூரத்தில் சத்தம் பெரிதானது. உதறல் என் தோள் வரை ஏறியது. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி, போ போ என்று ஹாரன் அடித்தது. ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் யூனிஃபார்மோடு அங்கே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். இந்த முறை நான் தரையிலேயே உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தேன். நட்டில் இருந்த கோடு ஒரு பக்கம், சக்கரத்தில் இருந்த கோடு இன்னொரு பக்கம். நேராக இழுத்த கோடு இப்படி விலகினால், கோடு போட்ட பிறகு நட்டு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். நட்டை விரலால் தொட்டேன். பாட்டில் மூடி மாதிரி சுழன்றது.

இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் சக்கரம் தனியாகவும் நானும் வயிற்றுப் பிள்ளையும் தனியாகவும் போயிருப்போம். அவருக்கு போன் போட்டேன். போட்டு என்ன பயன், லைனுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எக்கா, என்னாச்சு? ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். பேச்சில் தென்காசிப் பக்கம் தெரிந்தது.

"நட்டு லூசும்மா. என்னால முடுக்க முடியாது" என்றேன்.

"நீங்க எந்திரிங்க மொதல்ல. ஏட்டி, இங்க வாங்கட்டி எல்லாரும்."

டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். செல்போன் செய்யும் கம்பெனிப் பெண்கள், நாளெல்லாம் கடுகு அளவு ஸ்குரூ முடுக்குகிறவர்கள். ஒருத்தி ஸ்பேனரைப் பிடிக்க இன்னொருத்தி அதன் மேல் ஏறியே நின்றுவிட்டாள். எதிரெதிர் நட்டாகப் பார்த்து முடுக்கினார்கள். நான் சொல்லாமலே மற்ற மூன்று சக்கரங்களையும் சோதித்தார்கள். அவை கெட்டியாகவே இருந்தன. முடித்ததும் ஒருத்தி பாக்கெட்டில் இருந்து பெயின்ட் பேனாவை எடுத்து, "மார்க் போட்டுரட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"வேணாம் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

சத்தமே இல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா என் வயிற்றில் ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்து ஏதேதோ அளவெடுத்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு, "எடை கூடியிருக்கும்மா. இப்படியே போனா போதும். அட்மிஷன் எல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடு" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அந்தக் கட்டிலிலேயே கொட்டியது. ஸ்கேனுக்கு அழுதேனா, நட்டுக்கு அழுதேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று எடை கூடியவள் இப்போது அதே காரின் ஹாரனை அமுக்கித் தெருவையே அலற வைத்துக்கொண்டிருக்கிறாள்.

டீ பிரேக்கில் அவர் போன் செய்தார். "இன்னா சொன்னாங்க?"

"கொழந்த நல்லா கீது. வெயிட் ஏறிகீதாம்" என்றேன். அவர் பக்கம் கேன்டீன் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. "அழுவுறீங்களா?" என்றேன். "இல்லியே" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. லைனில் நிற்கப் போகிற மனிதரிடம் நட்டைப் பற்றி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை டீயைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு, கிழி கிழி என்று கிழித்தேன். அவர் முகம் செத்துவிட்டது. "வண்டி ஜாக்கி மேல இருக்கசொல்ல நட்ட கையால சுத்தி வுட்டேன். எறக்கினு முடுக்கலாம்னுதான் இருந்தேன். கை பாட்டுக்குப் பாக்கெட்ல இருந்த பேனாவ எடுத்து மார்க் போட்டுடுச்சு. எறக்கிட்டு பாத்தா மஞ்சளா இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு ஓடிட்டேன்" என்றார். நானும் அதே மஞ்சளைப் பார்த்து நம்பி ஏறியவள்தான் என்பதால் அதற்கு மேல் எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கோடு இல்லாமல் போயிருந்தால் பிரேக் பேட்தான் சத்தம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போயிருப்பேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் சாப்பிடாமல் எழுந்து போய் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லா நட்டையும் மறுபடி முடுக்கிப் பார்த்தார். பிறகு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் டீ குடிக்கும்போது தானாகவே பேச ஆரம்பித்தார். "நேத்து லைன்ல ஒவ்வொரு நட்டையும் கையால புடிச்சு பாத்துட்டுதான் மார்க் போட்டேன். சூப்பர்வைசர் கத்தினான். மிஷின் முடுக்கினத நீ இன்னா தடவி பாத்துகினு கீற, லைன் லேட்டாவுதுன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது?" அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வண்டில எவ வயித்துப் புள்ளயோட ஏறப் போறாளோ, நமக்கு இன்னா தெரியும்?"

நான் அவர் டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். "அவன் கத்தினா கத்தட்டும். இன்னிக்கும் தொட்டுப் பாருங்க" என்றேன்.