சூரியன் என்று நினைத்த நட்சத்திரம்

நட்சத்திரங்களின் எக்ஸ் கதிரை ஆராய்வது என் தொழில். அதில் பார்ப்பது கொஞ்சம், காரணம் சொல்வது நிறைய. கணினி தானாக நிரப்பித் தந்த மதிப்பை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் இதை அனுதாபத்தோடு படிக்கவும்.

மோதல்

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ. ஓட்டுநர் என்ன வேலை என்று கேட்டார். இரண்டு ராட்சத நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, இரண்டிலிருந்தும் காற்று வீசுகிறது, காற்றுகள் மோதும் இடம் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிரை உமிழ்கிறது என்று, கேட்டதற்கு மேலேயே விளக்கினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மோதிக்கினா சூடாவுதுன்னு தெரிஞ்சிக்க அம்மாந்தூரம் பாக்கணுமா சார்? சாயங்காலமா பனகல் பார்க் சிக்னலாண்ட வந்து நில்லு."

முதல் வரி

என் ஆய்வு மாணவி மல்லிகா மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்; கொடுத்தால்தான் வெளிநாட்டு வேலை. கடைசி அத்தியாயம் மட்டும் மசியவில்லை. ஒரு நட்சத்திர ஜோடி, கணக்கு சொன்னதைவிட மிக மங்கலாக இருந்தது. அங்கே காற்று மிக அடர்த்தி, அதுதான் கதிரை விழுங்குகிறது என்று நான் முன்பே கட்டுரை எழுதியிருந்தேன். அவளுடைய அளவுகளோ காற்று அப்படி ஒன்றும் அடர்த்தி இல்லை என்றன. "மறுபடி அள" என்று நான்கு தடவை திருப்பி அனுப்பினேன்.

ஐந்தாம் தடவை மடிக்கணினியோடு வந்தாள். வாயுவில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருள் சூரியனின் கலவையையே வைத்துக்கொள்ளும். இந்த ஜோடியில் ஒன்றோ தன் ஹைட்ரஜனையெல்லாம் ஊதித் தீர்த்த கிழம். மிஞ்சியது ஹீலியமும் ஏராளமான கார்பனும். குறைந்த ஆற்றல் உள்ள எக்ஸ் கதிரைக் கார்பன் நன்றாக விழுங்கும்; அதற்குக் கொஞ்சம் காற்றே போதும். கலவையை மாற்றினாள், பொருந்திவிட்டது. சூரியக் கலவையை அப்படியே விட்டுவைத்த இந்தக் கணினிக் கோப்பு யாருடையது என்று அதட்டினேன்.

"உங்களோடது சார். எங்க எல்லாருக்கும் இதைத்தான் காப்பி பண்ணிக் குடுத்தீங்க. முதல் வரியில உங்க பேரு இருக்கு."

ஒரு யோசனை

மல்லிகா என் கட்டுரை தவறு என்றே எழுதப்போகிறாள். பக்கத்து அறைப் பேராசிரியரிடம் காபி வேளையில் புலம்பினேன். மயிலாப்பூர்க்காரர், பதறவே இல்லை.

"தப்புன்னு ஏன் எழுதணும்? 'மேம்படுத்தப்பட்ட மதிப்பு'ன்னு போடச் சொல்லுங்கோ. படிக்கறவா பாராட்டிட்டுப் போயிடுவா. நானே மூணு தடவை மேம்பட்டிருக்கேன்."

கமா

அத்தியாயம் கையெழுத்துக்கு வந்தது. வழிகாட்டியின் முந்தைய முடிவு தவறு, அதற்குக் காரணம் கலவை என்று ஒரே வரி. அந்தப் பக்கத்தில் மூன்று கமாக்களை நீக்கினேன். மறுநாள் இரண்டைத் திரும்பச் சேர்த்தேன். மூன்றாம் நாளும் பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது மல்லிகா வந்தாள். கெடு மறுநாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், கமாவை அப்புறம் பாத்துக்கலாம். அந்த வரி இருக்கட்டுமா, வேணாமா? வேணாம்னா நீங்களே அடிச்சிடுங்க. நான் அடிக்க மாட்டேன்."

வரியை அடிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அந்த நட்சத்திரம் தன் ஹைட்ரஜனைத் தொலைக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, நான் என் வீம்பைத் தொலைக்க மூன்றே நாள்தான் என்பதை யாராவது பாராட்டினால் தேவலை.