சம்பளத்துக்குச் சைக்கிள் விட்ட கதை

போன வாரம் தஞ்சாவூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காட்டூர் பக்கத்தில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டுவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அடிக்கிறார்... ஆடுகள் அசைவதாக இல்லை.

அப்போது என் ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பச்சை நிற லேடீஸ் சைக்கிள். பின் சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க வலை. கேரியரில் குடையும் டிபன் டப்பாவும். ஓட்டி வந்தவள் வசந்தா. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! நான் முன்னாடி போகட்டுங்களா?"

பஸ்ஸைத் தாண்டிப் போவதற்கு என்னிடம் எதற்கு அனுமதி? பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்தில் வாரா வாரம் மூட்டைப்பூச்சி, ஓட்டை ஸ்டவ், விருந்தாளிகள் என்று என்னென்னவோ புலம்பியிருக்கிறேன். ஆனால் நான் ஒரு காலத்தில் சைக்கிள் ரேஸ்காரி என்று உங்களிடம் சொன்னதே இல்லை, அல்லவா? சிரிக்காதீர்கள். அதுவும் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு!

சில வருஷங்களுக்கு முன் தென்னூரில் ஒரு சைக்கிள் கடை முதலாளி இருந்தார். ரங்கசாமி என்று பெயர். லேடீஸ் சைக்கிள்களை வரவழைத்துவிட்டார். வாங்கத்தான் ஆள் இல்லை. பெண்கள் ஓட்டிக் காட்டினால்தான் பெண்கள் வாங்குவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. வைகாசிக் கல்யாணங்கள் ஓய்ந்ததும் சைக்கிள் விடத் தெரிந்த பெண்களைத் தேடிப் பிடித்து, சம்பளம் பேசி, டீம் ஒன்றை அமைத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் வேறு பெண்கள் டீம் ஏது? ஆகவே எங்களுக்கு நாங்களே எதிரி.

டீமில் மூத்தவர் சரோஜா அக்கா, ஒரு கம்பவுண்டரின் மனைவி. அடுத்தது நான். எனக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். கடைக்குட்டி வசந்தா, காட்டூர் விவசாயி வீட்டுப் பெண், டீச்சர் டிரெயினிங் முடித்தவள். வேகத்தில் அவள் கால்தூசிக்குக்கூட நாங்கள் யாரும் வரமாட்டோம்.

மணி, கேரியர், லைட் எதையும் கழற்றக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். "கழட்டிட்டா யாரும்மா வாங்குவாங்க?" என்பார். அவ்வளவு சாமானும் குலுங்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரூரில் விட்டோம், புதுக்கோட்டையில் விட்டோம், தஞ்சாவூரில் விட்டோம். எந்த ஊரிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வேடிக்கை பார்க்க நம்மவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரே முடிவு. முதல் பரிசு சரோஜா அக்கா. இரண்டாவது நான். கடைசியில் வசந்தா. வயசு வரிசை பிசகவே இல்லை!

என்ன காரணம் என்கிறீர்களா? எந்தப் பெண்ணும் மூத்தவளைக் கேட்காமல் முந்தமாட்டாள். வசந்தா பின்னால் வந்து மணியடிப்பாள். "அக்கா, போகட்டுங்களா?" சரோஜா அக்கா நல்ல மனசுக்காரி. "இரும்மா, எதிர்ல லாரி வருது" என்பார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி மணி. "இரும்மா, பள்ளமா இருக்கு, பார்த்து வா" என்பார். இப்படியே முடிவுக் கோடு வந்துவிடும்.

புதுக்கோட்டையில் முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார். "ரேஸ் விடச் சொன்னா எல்லாரும் தட்டு தூக்கிக்கிட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போற மாதிரி வரிசையா வர்றீங்களே! ரேஸ்ல அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. புரியுதா?"

"சரிங்க" என்றாள் வசந்தா. அடுத்த ரேஸில் பின்னால் வந்து, தைரியத்தையெல்லாம் திரட்டி, "சரோஜா..." என்று ஆரம்பித்தாள். பெயரைச் சொல்லிவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்ன, "...க்கா" என்று முடித்துவிட்டாள். அன்றைக்கும் அவளுக்குக் கடைசி இடம்தான்.

கடைசி ரேஸ் ஆடியில். தென்னூரில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்தில் முடிகிறது. ஜெயிப்பவளுக்கு, அவள் ஓட்டிய சைக்கிளே பரிசு.

அன்று காலை வசந்தாவின் அப்பா வந்திருந்தார். முதலாளியிடம் எங்கள் காதுபடவே பேசினார்.

"பொண்ணுக்கு வாத்தியாரம்மா வேலை வந்திருக்குதுங்க. பஸ் போகாத ஊரு. தினம் நடந்து போற தூரமா அது? சைக்கிள் வாங்க எனக்கு வக்கு இல்லீங்க. இன்னிக்கு ஜெயிச்சா வேலைக்குப் போகட்டும். இல்லேன்னா ஆவணியில கட்டிக் கொடுத்துடறேன். மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

வசந்தா தலையைக் குனிந்து டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. அடிப் பாவி, ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சரோஜா அக்கா புடவையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

கிளம்பினோம். பாலத்துக்கு முன்பே வசந்தா மற்றவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தாண்டி வந்து எனக்கு மணியடித்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் "போ, போ!" என்றேன். எனக்கோ மூச்சே இல்லை. பாலத்தில் ஏறினால் ஆடிக் காற்று பக்கவாட்டில் ஆளைத் தள்ளுகிறது. கீழே காவிரி கரை கொள்ளாமல் ஓடுகிறது. முன்னால் சரோஜா அக்கா, அவர் முதுகோடு ஒட்டினாற்போல் வசந்தா.

மணி அடித்தது. "அக்கா... போகட்டுங்களா?"

"போ!" என்றார் அக்கா.

போனாளா? இல்லை! "பரவாயில்லீங்க, நீங்களே போங்கக்கா" என்கிறாள்! வேண்டும் வேண்டும் என்று கேட்டது கிடைத்தவுடன் கூச்சம் வந்துவிட்டது. பந்தியில் முதலில் உட்காரச் சொன்னால் பின்வாங்குவோமே, அதே கதை. நம் பெண்களுக்கு வேகமாகப் போவதா தெரியாது? முந்துவதில்தான் அத்தனை கூச்சமும்.

சரோஜா அக்காவுக்கு வந்ததே கோபம்! திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல். அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"மூத்தவ சொல்றேன், கேக்க மாட்டே? போடீ முன்னாடி!"

மூத்தவள் சொல்லைத் தட்டலாமா? வசந்தா பறந்தாள். எங்களோடு அத்தனை நாள் ஓட்டியவளா இவள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா ஹாண்டில் பார்மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைத் துரத்த ஆரம்பித்துவிட்டார்! அம்மா மண்டபத்துப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வருகிறார்கள். முதலாளி மொட்டைக் கோபுரத்தடியில் நின்று துண்டைச் சுழற்றுகிறார். "வாங்கம்மா! இதுதாம்மா ரேஸு!"

வசந்தாதான் முதலில் வந்தாள். ஒரு சக்கர நீளம் இருந்தால் அதிகம்.

இறங்கியதும் அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்காவுக்கு இரைத்தது. "போன்னுதாண்டி சொன்னேன். தோத்துடறேன்னா சொன்னேன்? அடுத்த தடவை பாத்துக்கறேன் உன்னை!"

வசந்தாவின் அப்பா வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சீட்டைத் தட்டினார். "மழையில நனைய விடாதே, தாயி" என்றார். அவ்வளவுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது, எதற்கு மறைக்க வேண்டும்?

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. ஆவணி பிறந்தது, முகூர்த்தங்கள் வந்தன. டீமில் பாதிப் பேர் மணமேடை ஏறிவிட்டார்கள். முதலாளியும் பெருமூச்சு விட்டு, எங்கள் சம்பளக் கணக்கை முடித்து, டீமைக் கலைத்தார். முழுசாக ஒரு சீசன்கூட இல்லை... ஆனாலும் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். வசந்தா இன்னும் ஜன்னலடியில் பதிலுக்காகக் காத்திருந்தாள். தலையை வெளியே நீட்டி, என்னால் முடிந்த மட்டும் அதட்டினேன்.

"மூத்தவ சொல்றேன், போடீ!"

ஆடுகளுக்கிடையில் வளைந்து, நெளிந்து, போயே போய்விட்டாள். டிரைவர் கடுப்போடு திரும்பினார். "யாருங்க அந்தம்மா, பஸ்ஸையே முந்திக்கிட்டுப் போறாங்க?"

என்னிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள் என்றேன்.