நீண்டுகொண்டே போன சிரிப்பு

என் அலமாரியில் ஒரு வெள்ளை பனியன் துணி மடித்துக் கிடக்கிறது. அதில் எங்கள் கம்பெனி நர்ஸக்காவின் முகம். தலையில் அவர் ஒருநாளும் வைத்திராத வெள்ளைத் தொப்பி, உதட்டில் சிரிப்பு, கீழே சிவப்பில் ‘இது போர், இவர் நம் படை’.

வரைந்தது நான்தான். டிசைன் படித்துவிட்டு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உலகப்போர்க் காலச் சுவரொட்டிகள் என்றால் எனக்குப் பைத்தியம். புகை மண்டிய வானத்தின் முன் கறைபடாத வெள்ளையில் நிற்கும் நர்ஸ்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். கொரோனா ஊரடங்கில் ஹாஸ்டல் பெண்களோடு நாங்களும் கம்பெனிக்குள்ளேயே அடைபட்டபோது, அப்படி ஒன்று செய்தே தீருவது என்று துள்ளினேன். ஃப்ளெக்ஸ் கடைகள் மூடியிருந்தன. அதனாலென்ன, எங்கள் பிரிண்டிங் செக்‌ஷனிலேயே துணியில் அடித்தோம். அவசரத்தில், துணி எந்த வாட்டத்தில் இழுபடும் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்து, உள்பக்கம் பார்க்கக் கேட்டில் கட்டிவிட்டேன். நாளாக ஆக அக்காவின் சிரிப்பு அகன்றுகொண்டே போனது.

“ஏனுங்கக்கா, உங்க வாயாச்சும் பல்லடம் போய்ச் சேந்துரும்போல!” என்று டெய்லர் பெண்கள் கேலி செய்தார்கள். அக்காவும் சிரித்தார்.

பிறகு உடுமலையிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அம்மா வீட்டில் விட்டிருந்த நாலு வயது மகளுக்கு அம்மை. போவதற்குப் பாஸ் வேண்டும். பாஸுக்கு மேனேஜர் கடிதம் வேண்டும். “படத்துல இருக்கறவங்களே கெளம்பிட்டா புள்ளைங்க பயந்துக்காதுங்களா? நீங்க நம்ம படைங்க” என்றார் மேனேஜர், மரியாதை துளியும் குறையாமல். என் வாசகம்தான் அது.

வெளியே வந்த அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “அதைக் கழட்டிரு கண்ணு. அது அங்க இருக்கற வரைக்கும் என்னைய விடமாட்டாங்க.”

“ரெண்டே நாளுங்கக்கா. பையருக்குப் போட்டோ அனுப்போணும்.”

கழற்றியிருந்தால் விட்டிருப்பார்களா, தெரியாது. நான் கழற்றவில்லை. எங்களிடம் சரக்கு வாங்கும் அந்தப் பையர் பாராட்டி அனுப்பிய மெயிலை அக்காவிடமே ஓடிப்போய்க் காட்டினேன். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தவர், தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் “நல்லாருக்குது கண்ணு” என்றார்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மை இறங்கி, மகளுக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாகியிருந்தது. அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. அதன் பிறகுதான் துணியைக் கழற்றினேன்.

அந்தப் பழைய சுவரொட்டிகளை இப்போதும் பார்க்கிறேன். அத்தனை நர்ஸ்களும் வா, வா என்கிறார்கள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று ஒன்றில்கூட எழுதியிருக்கவில்லை.

இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். பனியன் துணியைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். நேற்று இதைத் துவைத்து, காயவைத்து, மேசையில் விரித்தேன். தொப்பி சுருங்கி அதன் அளவுக்கு வந்துவிட்டது. வாய் மட்டும் வரவில்லை.