கை கொடுக்காமல் நின்றவர்

கிரைண்டர் பெல்ட் அறுந்துபோனதற்கு ஒருத்தன் சாவானா? எங்கள் அண்ணன் செத்தான். தொண்ணூறுகளின் நடுவில், துடியலூரில், நான் நாலாவது படித்துக்கொண்டிருந்த காலம்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசியைப் போட்டு, அது கொஞ்ச நேரம் அரைபட்டதும் பெல்ட் அறுந்தது. அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிது. வீட்டில் எது கெட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் பெரிய இன்ஜினியர் மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "புதுசு மாத்தோணும்மா, கடைக்குப் போய் வாங்கியாறேன்" என்றான். அளவு காட்டுவதற்காக அறுந்த பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை நடை நடந்து காட்டினான். நானும் வருவேன் என்று அழுதேன். "நீ இரு அம்மணி, இதா வந்தர்றேன்" என்று சைக்கிளை எடுத்தான்.

கடைத்தெருவில் அன்றைக்கு இரண்டு கட்சிக்காரர்களுக்குள் கொடிக்கம்பத் தகராறு. ஒருவர் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கம்பம் நடக்கூடாதாம். ஊரில் குழி தோண்ட இடமா இல்லை! வாய்ச்சண்டை முற்றி, பெட்டிக்கடைச் சோடா பாட்டில்கள் பறந்தன. அண்ணன் எலக்ட்ரிக்கல் கடை வாசலில் தெருவுக்கு முதுகு காட்டி நின்று புது பெல்ட்டை அளந்துகொண்டிருந்தானாம். பின்மண்டையில் ஒரே ஒரு பாட்டில். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அம்மா கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. பாதி அரைபட்ட மாவு கல்லுக்குள்ளேயே புளித்து நாறியது. அதைக் கழுவப் போன அத்தையிடம், "இருக்கட்டும், அவன் பெல்ட்டு வாங்கியாரட்டும்" என்றாள். அண்ணனை எரித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய பிறகு சொன்ன பேச்சு அது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இதற்குள் அண்ணனுக்குக் கட்சி வேறு முளைத்துவிட்டது. ஓட்டுப்போடும் வயது வராதவனை, எங்கள் தங்கம், எங்கள் சிங்கம் என்று இரண்டு கட்சியும் சுவரில் போஸ்டர் ஒட்டின. எறிந்தது யார் என்று கேட்டால் மட்டும் ஆளாளுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்கள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வந்தவர்களிடமெல்லாம், "கேசு வேண்டாங்க, ஒண்ணும் வேண்டாங்க. எந்தக் கைன்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார். போலீஸ்காரர்கூட, "கூட்டத்துல எவனைங்க சொல்றது?" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அப்பா சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வருகிற ஆண்கள் பேசமாட்டார்கள். வீட்டு ஆண்கள் பந்தலில் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவார்கள். வருகிறவர் அந்தக் கைகளைத் தொட்டுவிட்டுப் போய் உட்காருவார். வந்தது பகையாளியாகவே இருந்தாலும் நீட்டிய கையை மடக்கக்கூடாது. அப்பா காலையிலிருந்து இருட்டும்வரை அப்படியே கையேந்தி நின்றார். பெரியப்பாவும் மாமாவும் பக்கத்தில். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிவதற்குள் ஒரு நாள், ஒரு கட்சிக்காரர் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்தார். எல்லோரும் அப்பாவின் கையைத் தொட்டார்கள். கடைசியாக வந்த ஒருவர் மட்டும் தொடவில்லை. அண்ணன் வயதுதான் இருக்கும், மீசைகூட சரியாக முளைக்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அப்பா நீட்டிய கையோடு காத்திருந்தார்.

பாவம், முறை தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மரியாதை சொல்லிக்கொடுப்பதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. "இப்படிக் குடுக்கோணுமுங்ண்ணா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்து அப்பாவின் கைகளுக்குள் வைத்தேன். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

அவ்வளவுதான். அப்படியே கீழே விழுந்தார். "அந்தப் பக்கத்து ஆளுங்க மேல எறிஞ்சனுங்க... அவன் அங்க நின்னதைப் பாக்கலீங்க... பாக்கவே இல்லீங்கய்யா" என்று கதறினார்.

வெள்ளை வேட்டிக்காரர் பதறிப்போய், "பையன் பயந்துட்டானுங்க, என்னமோ உளறறான்" என்று அவரைத் தோளில் பிடித்து இழுத்தார். வரவில்லை. அப்பா அந்தக் கையை விடவில்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பிடித்த பிடியில் நின்றார். லேத் பட்டறையில் இரும்பு பிடித்த விரல்கள். பெரியப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தும் முடியவில்லை. அத்தனை நாள் வராத கண்ணீர் அப்பாவின் தாடியில் இறங்கியது.

அவர் கதறியது எதுவும் விளங்காத எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அப்பாவுக்கு இந்த அண்ணனை ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே ஓடி, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் திருப்பி, "அம்மா, அப்பா ஒரு அண்ணனைப் புடிச்சு வெச்சிருக்காரு, உடவே மாட்டேங்கறாரு. அவிங்களை நாமளே வெச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

அம்மா எழுந்து நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எழுந்து நின்றவள், பளாரென்று என் கன்னத்தில் அறைந்தாள். எதற்கு அடித்தாள் என்று விளங்காமல் அழுதபடி நின்றேன்.