எல்லாம் பச்சையாக இருந்த மாதம்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் வைஃபை முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. கூரையில் வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் இருக்குமே, அந்தக் கருவிகள் எண்பதுக்கு மேல். ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் குழு பிரித்து வைப்போம். அலுவலகம் ஒரு குழு, உற்பத்திப் பகுதி ஒரு குழு, ஸ்டோர் ஒரு குழு. குழுவில் ஒரு மாற்றம் செய்தால் அதிலிருக்கும் கருவிகள் எல்லாம் மாறிவிடும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். நானும் எழுந்ததில்லை.

ஸ்டோரின் கடைசி மூலையில், இரும்பு அடுக்குகளுக்கு மேலே இருந்த கருவி மட்டும் எந்தக் குழுவிலும் இல்லை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அதற்குத் தனியாக ஏதோ அமைத்திருந்தார். ஏன் என்று அவர் எழுதி வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் திரையில் குழு அமைப்போடு ஒத்துப்போன மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் மஞ்சளாக நின்று கண்ணை உறுத்தியது. அடுத்த மாதம் தணிக்கைக்கு ஆள் வருவதாக இருந்தது. அதை இழுத்து ஸ்டோர் குழுவில் போட்டேன். அதன் சொந்த அமைப்பு அழிந்து, திரை முழுக்கப் பச்சையானது. மானேஜர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மூலையில் ஓர் அக்கா வேலை செய்தார். சுங்கை பாக்காப்பிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருபவர். வெளியே போகும் அட்டைப்பெட்டிகளை ஸ்கேன் செய்து அனுப்புவது அவர் வேலை. ஒப்பந்தத்தில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை அவர் கேண்டீனில் எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, ஸ்கேன் பண்ணா சும்மா சுத்திக்கிட்டே இருக்குலா. லைன் இல்ல போல. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

“லைன்லாம் ஓகேதான் அக்கா.” திரையை அவர் பக்கம் திருப்பினேன். “பாருங்க, எல்லாம் பச்சை. நீங்க ஸ்கேனர ஒழுங்கா புடிக்கிறீங்களா?”

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். அக்கா அந்தப் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்கேனரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தார். அங்கே உற்பத்திப் பகுதியின் லைன் கிடைத்ததும் திரும்பி ஓடினார். அதைப் பார்த்து ஸ்டோரில் சிலர் அவரைப்போலவே நடந்து காட்டினார்கள். நான் ரசித்தேன்.

மூன்றாம் முறை அவர் வந்துபோன பிறகுதான், எரிச்சலில், என்னவென்று தேடினேன். மற்றவர்களுக்கெல்லாம் புது ஸ்கேனர். அவரிடம் இருந்தது பழையது, பழைய அலைவரிசையில் மட்டும் பேசும். ஸ்டோர் குழுவில் அந்த அலைவரிசையை நான் மூடி வைத்திருந்தேன். மூலைக் கருவி அதுவரை தனியாக இருந்த காரணம் அதுதான். திருப்பிப் போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் திரையில் மறுபடி மஞ்சள் வரும், மானேஜர் ஏன் என்று கேட்பார். தணிக்கை முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் ஸ்டோர் சூப்பர்வைசர் போன் செய்தார். “தம்பி, வேலை ஏன் லேட்டுன்னு கேட்டா அந்தம்மா லைன் பிராப்ளம்னு சொல்லுது. உண்மையா?”

“இல்லண்ணே. இங்க எல்லாம் பச்சையாதான் இருக்கு.”

அவ்வளவுதான். அக்காவை நிரந்தரமாக்கவில்லை, ஒப்பந்தத்தையும் நீட்டவில்லை. பாஸ் அட்டையைத் திருப்பிக் கொடுக்க எங்கள் பிரிவுக்குத்தான் வர வேண்டும். வந்தார். அட்டையைத் துடைத்து, என் மேசையில் வைத்தார்.

“உங்களத்தான் ரொம்ப தொந்தரவு பண்ணிட்டேன் தம்பி. எனக்குதான் மெஷின் சரியா புடிக்க தெரியல.”

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் பொய். அப்பாடா, சண்டை போடாமல் போனாரே என்றிருந்தது.

தணிக்கை முடிந்த அன்றே அந்தக் கருவியைக் குழுவிலிருந்து எடுத்துப் பழைய அமைப்பைப் போட்டேன். மறுநாள் அந்த மூலைக்கு வேறொரு பெண் வந்தாள், கையில் அதே பழைய ஸ்கேனர். வேலை மளமளவென்று நடந்தது. மத்தியானம் சூப்பர்வைசர் என் மேசைக்கே வந்து தோளைத் தட்டினார்.

“பாத்தியா தம்பி? ஆள மாத்துனேன், எல்லாம் சரியாயிருச்சு. அந்தம்மா சும்மா உன் மேல பழி போட்டுச்சு.”

“ஆமாண்ணே,” என்றேன்.